தேக்கடிப் படகில் கூவியது யார்?

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணின் வீட்டுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். யானை இருக்கும் இடத்துக்கு மட்டும் போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் கேட்டிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசி. போடியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எனக்கு அதற்குள் ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. (எட்டு என்பாள் என் தங்கை. சின்னமனூரில் காப்பிகூடத் தராமல் அனுப்பியதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.) அப்பா இல்லாத வீடு, முடிவு தாய்மாமன் கையில். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் அலைய மாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

'இது' என்பது தேவாரம் என்ற ஊரில் பார்த்த இடம். பெண் பெயர் செல்வராணி. அப்பா முத்தையா, மலையடிவாரத்தில் சோளமும் கடலையும் போடுகிற சம்சாரி. வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பதற்குப் பதிலாக, இரண்டு குடும்பமும் தேக்கடிக்குப் போய்ப் படகில் யானை பார்க்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். நாகரிகமானவன் என்று பெண் நினைக்க வேண்டாமா?

முத்தையாவுக்கு அது பிடிபடவில்லை. "ஏன் தம்பி, அதுதான் எங்க காட்டுக்கு ஓசியிலேயே வருதே. அதைப் பாக்க பஸ்சு ஏறிப் போகணுமா?"

இருந்தாலும் வந்தார்கள். அவர்கள் பக்கம் ஐந்து பேர், எங்கள் பக்கம் மூன்று. குமுளி மலை ஏறும்வரை நான் தலைகளை எண்ணியபடியே பாடம் நடத்தினேன். வெள்ளைக்காரர்கள் வேட்டையாடிய காடு. அணை கட்டியதும் தண்ணீர் நின்று ஏரியானது. தேயிலைத் தோட்டங்கள் மிச்சத்தையும் விழுங்கிவிடாதபடி திருவிதாங்கூர் ராஜா அதைக் காப்புக்காடு ஆக்கினார். இப்போது புலிகளுக்கே காப்பகம்.

"அதுகளுக்குக் காவல் போட்டாச்சு, சரி. எங்க சோளத்துக்கு எம்மகதான் காவலு" என்றார் முத்தையா. "ராத்திரி பூரா பரண்ல இருந்துட்டு அப்படியே குளிச்சுக் கிளம்பி வந்திருக்கு."

படகில் ஏறியதும் மலையாளத்துக் காவலர் ஒருவர் எல்லோரையும் எச்சரித்தார். "ஆரும் மிண்டக்கூடாது, கேட்டோ. சத்தம் கேட்டா ஆனை போயிரும்."

தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் வரிசையாக நின்றன. நாற்பத்திரண்டு வரை எண்ணினேன். மூன்று மிளா மான், ஒரு பன்றிக் கூட்டம். செல்வராணி சன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். மாமா அதைப் பார்த்தார்; உதட்டைப் பிதுக்கினார்.

அப்போதுதான் புல்வெளியில் யானைகள் இறங்கின. நான்கு பெரியது, ஒரு குட்டி. படகில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இவ்வளவு பாடம் நடத்தியும் பெண் இதைப் பார்க்காமல் போய்விடுவாளே என்று எனக்குப் பதற்றம். குனிந்து, அவள் காதருகே, "ஏங்க, ஆனை வந்திருச்சு" என்றேன்.

பரணில் காவல் இருப்பவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

செல்வராணி துள்ளி எழுந்தாள். "ஹோஓஓய்!" என்று ஒரு சத்தம். மலையில் மோதித் திரும்பி வந்தது. தேவாரத்துப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யானையை விரட்ட ஒரு சோளக்காட்டிலிருந்து கூவல் கேட்டால், பக்கத்துக் காட்டுக்காரர் பதில் கூவ வேண்டும். அப்போதுதான் வரிசையாக எல்லாக் காடும் விழிக்கும். ஆகவே முத்தையா கூவினார். அவர் மனைவி கூவினார். பின்வரிசையிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் கூவினார்கள். குட்டியை நடுவில் தள்ளிக்கொண்டு யானைகள் காட்டுக்குள் ஓடின.

படகு முழுக்க எங்களை முறைத்தது. காவலர் சிவந்த முகத்துடன் வந்தார். "ஆரா முதலில் கூவியது? ஆபீசுக்கு வரணும்."

மாமா என் காதில், "இந்தத் தொண்டை நம்ம வீட்டுக்கு ஆகாதுடா. எட்டாவதும் போகட்டும்" என்றார். எதிரே செல்வராணி விரல்களைப் பிசைந்தபடி நின்றாள். வாயைத் திறக்கப் போனாள்.

"நான்தான்" என்றேன்.

காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கில் ஒண்ணுகூடிக் கூவு." (அப்படியென்றால் இன்னொரு தடவை கூவு என்கிறார்.)

எழுந்து நின்றேன். மூச்சை இழுத்தேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஏதோ ஒன்று வெளியே வந்தது. பக்கத்துப் பட்ட மரத்தில் இருந்த நீர்க்காகம் தலையைக்கூடத் திருப்பவில்லை. முதலில் சிரித்தவர் காவலர்தான். பிறகு படகே சிரித்தது. செல்வராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். ஆபீஸ் பேச்சு அதோடு போயிற்று.

கரை ஏறியதும், இதை இத்தோடு விட்டுவிடலாம் என்று மாமா முத்தையாவிடம் மெதுவாக ஆரம்பித்தார். முத்தையா மகளைப் பார்த்தார்.

"சத்தம் போட நான் இருக்கேன்ப்பா" என்றாள் அவள். "பழியச் சொமக்க ஒரு ஆளு வேணும்ல. இவரையே பேசி முடிங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். நான் ஏற்கெனவே தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும், செய்தது யார் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "வாத்தியார்தான் கூவினாரு." குழம்பு தீய்ந்தால் நான். ஆடு அவிழ்ந்து ஓடினால் நான். என் கணக்கில் போன மாதம் வரை அறுபத்து மூன்று குற்றங்கள். நிஜமாக நான் செய்தது இரண்டு.

போன வாரம் என் புதுக் கண்ணாடியின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். யார் என்று அதட்டினேன். பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்து, "தாத்தாதான் கூவினாங்க" என்றாள். அடுப்படியிலிருந்து செல்வராணி பதில் கூவினாள்: "ஆமா, அவருதான்!"

அறுபத்து நான்கு.