குறுக்கே போட வேண்டிய சங்கிலி

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

நம் ஷெட்டின் பின்கேட்டைப் பூட்டியிருக்கும் சங்கிலி, கழிப்பறை டிரெய்லரிலிருந்து கழற்றியது. கழற்றியவர் நீங்கள்.

மற்றபடி இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். அங்கு என்றால் என் மேசையிலிருந்து பத்தடி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். இந்த வரியை எழுதும்போது நீங்கள் காது குடைந்துகொண்டிருப்பது தெரிகிறது. பத்தடிக்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். நேரில் பேசினால், "நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தொழில் தெரியாது" என்று முடித்துவிடுகிறீர்கள். எழுத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. எழுத்துக்கு வயசு கிடையாது.

முதலில் சங்கிலியின் கதை. இழுக்கிற வண்டியின் பின்னால் ஓர் இரும்பு உருண்டை, டிரெய்லரின் மூக்கில் ஒரு கிண்ணம், கிண்ணத்தை உருண்டைமேல் கவிழ்த்துத் தாழ் போட்டால் இரண்டும் ஒரே வண்டி. நம் மாநிலச் சட்டத்தை எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் மனிதர்களோடு நிறையப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் தாழோடு அவர் நிற்கவில்லை. தாழ் தேயும், ஆள் மறப்பான், ரோட்டில் பள்ளம் இருக்கும், அதனால் இரண்டு சங்கிலி மாட்டு, இடது சங்கிலியை வலது கொக்கியிலும் வலது சங்கிலியை இடது கொக்கியிலும் போடு, கிண்ணம் கழன்றாலும் மூக்கு அந்தப் பின்னலில் விழுந்து தொட்டில் மாதிரிக் கிடக்கும் என்று யோசித்திருக்கிறார். இவ்வளவையும் எழுத இடமில்லாததால் நம் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் 'சங்கிலிகளைக் குறுக்கே போட வேண்டும்' என்று ஒரே வரி. போன மாதம் பின்கேட்டின் பூட்டு உடைந்தபோது நீங்கள் அந்தத் தாளுக்குக் கீழே நின்றுகொண்டு, "குறுக்கே போடணும்னுதானே இருக்கு? எதுக்குக் குறுக்கேன்னு போட்டிருக்கானா? வாசலுக்குக் குறுக்கே போட்டுட்டேன், சட்டம் முடிஞ்சுது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சொன்னால் சிரிக்க வேண்டும் என்று எந்த மாநிலத்திலும் சட்டம் இல்லை, ஆனாலும் நம் ஷெட்டில் ஒருவர்கூட மீறாத ஒரே விதி அதுதான்.

சிரிக்காத ஆள் ஒருவர் இருந்தார். நம் டிரைவர் பொறுமை. முப்பத்தைந்துக்கு மேல் ஓட்ட மாட்டார், சைக்கிள்கள்கூட அவரை முந்தும், அதனால்தான் அந்தப் பெயர். அன்று காலை மைதானத்தில் ஓட்டப்பந்தயம், நாம் வாடகைக்கு விடும் கழிப்பறை டிரெய்லரை எட்டு மணிக்குக் கொண்டுபோக வேண்டும். பொறுமை கிண்ணத்தை மாட்டினார், விளக்கு வயரைச் சொருகினார், கீழே குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு உங்களிடம் வந்தார்.

"ஐயா, சங்கிலி ரெண்டும் காணோம்."

"காணோம்னா என்னய்யா, கேட்லதான் தொங்குது, கண்ணு தெரியலயா?"

"கேட்டு எங்கயும் போகாதுங்களே. வண்டிதானே போகுது."

"பக்கத்து மாநிலத்துல இந்த எடைக்குச் சங்கிலியே வேண்டாமாம், தெரியுமா?"

"அந்த மாநிலம் நூத்திஇருபது கிலோமீட்டர் தள்ளி இருக்குங்க."

"மைதானம் நாலு கிலோமீட்டர்தான்யா! கிளம்பு!"

இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை. பொறுமைக்கும் புரியவில்லை. கிளம்பிவிட்டார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும், ஆனால் விபத்தை விசாரிக்க வந்த போக்குவரத்து ஆய்வாளர் அம்மாவிடம் நீங்கள் சொன்னது வேறு என்பதால் எழுதுகிறேன். தண்ணீர்த் தொட்டி டிரெய்லரின் பின்பக்கம் இருக்கிறது, பாதிதான் நிரப்ப வேண்டும், பாரம் முன்பக்கம் இருக்க வேண்டும் என்று அதே தாளில் ஐந்தாவது வரி, நீங்கள் "அங்க போய்க் குழாயைத் தேடிட்டு இருப்பானுங்களா" என்று விளிம்புவரை நிரப்பச் சொன்னீர்கள், பின்பாரம் அழுத்த மூக்கு லேசாகிவிட்டது, இறக்கத்தின் தலையில் இருக்கிற வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் தேய்ந்துபோன தாழ் வாயைத் திறந்தது, கிண்ணம் துள்ளி வெளியே வந்துவிட்டது, பொறுமைக்கு என்ன தோன்றியது தெரியுமா, வண்டி திடீரென்று பஞ்சு மாதிரி ஓடுதே, சர்வீஸ் நல்லா பண்ணியிருக்காங்க என்று சந்தோஷப்பட்டாராம், இறக்கம் என்பதால் பிரேக்கை வேறு மிதித்தார், அப்போது வலது பக்கம் வெள்ளையாக ஏதோ வந்தது, தன்னை முந்தாத வண்டியே இந்த ஊரில் கிடையாது என்பதால் வழக்கம்போலக் கையை வெளியே நீட்டி 'போ போ' என்று வழிவிட்டிருக்கிறார், அது போனது, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட்டுகிற ஆளே இல்லாமல் போனது, "இவ்ளோ அவசரமா எங்கடா போறான்னு திட்டக்கூடத் திட்டினேம்மா, அப்புறம்தான் கதவுல நம்ம ஃபோன் நம்பரைப் பார்த்தேன்" என்கிறார்.

ஒன்றரை டன் கழிப்பறை நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குள் புகுந்து, சிமெண்ட் பெஞ்சை இரண்டாக உடைத்து, அங்கேயே நின்றது. பொறுமை மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அதன் முன்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்களாம். அரசாங்கம் கடைசியில் ஏதோ செய்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் கதவைத் தட்டிவிட்டு, "ஏம்ப்பா, உள்ள தண்ணி வருதா?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பிறகு சாயங்காலம் அந்த வழியாக நடந்து போனேன். உடைந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். தினமும் காலையில் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவாராம், அன்றைக்குப் பஸ் இரண்டு நிமிஷம் முன்னால் வந்துவிட்டதாம். "என்னைக்கும் லேட்டாதாங்க வரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் நகைச்சுவைக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு வரியும் எங்கேயோ ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் எழுதியது என்று நினைக்கிறேன். நமக்கு அந்த ஆள் தெரியாது, அதனால் வரி மட்டும் தொல்லையாகத் தெரிகிறது. நீங்கள் எதற்குப் பயந்தீர்கள் சித்தப்பா? நம் ஆட்கள் துடைப்பத்தையும் பினாயில் டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தீர்கள். பத்து வருஷமாக ஊர் மலத்தைக் கழுவுகிறவர்கள் கழுவுகிற துடைப்பத்தைத் திருடுவார்கள் என்று ராத்திரித் தூக்கம் வரவில்லை உங்களுக்கு. ஒன்றரை டன் இறக்கத்தில் உருளும் என்பதற்குப் பயம் வரவில்லை. இதுதான் நம்ம தொழில்னா, அந்தத் தொழில் எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

இப்போது, வியாழக்கிழமை பத்து மணிக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணை. ஆய்வாளர் அம்மாவிடம் நீங்கள் அன்றைய சோதனைப் படிவத்தைக் காட்டினீர்கள். சங்கிலிக்கு நேரே சரிக்குறி இருக்கிறது. அதாவது கிளம்பும்போது சங்கிலி இருந்தது, விழும்போது இல்லை, நடுவில் வண்டியோடு இருந்தவர் பொறுமை ஒருவர்தான், ஆகவே கழற்றியது அவர். "ஏன் கழட்டினான்னு எனக்கெப்படித் தெரியும், அவனைக் கேளுங்க" என்றீர்கள். பொறுமை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். லைசென்ஸ் போய்விடும் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். "எனக்கு வண்டியைத் தவிர வேற எதையும் ஓட்டத் தெரியாதும்மா. வீட்டைக்கூட அவதான் ஓட்டுறா" என்று என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அந்தச் சரிக்குறியைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி தணியட்டும். நீங்கள் அனுப்புகிற வண்டிகளெல்லாம் எதை இழுத்துக்கொண்டு போயினவோ, அதோடே திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: சரிக்குறி நான் போட்டது. படிவத்தில் பதினொரு கட்டம், தினமும் காலையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பதினொன்றுக்கும் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறேன், இரண்டு வருஷமாக. அன்றைக்குப் பொறுமை உங்களிடம் கேட்டது என் காதில் விழுந்தது. என் ஜன்னலில் இருந்து பார்த்தால் பின்கேட் தெரியும். சங்கிலி அங்கே தொங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் 'மாட்டப்பட்டுள்ளது' என்ற கட்டத்தில் குறி போட்டேன், டீ ஆறிக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்ன பொய் என் கையெழுத்தில் நிற்கிறது. அதனால் மேலே 'நீங்கள்' என்று வருகிற இடங்களில் எல்லாம் 'நாம்' என்று படித்துக்கொள்ளுங்கள். அந்த நர்ஸ் பெஞ்சில் இருந்திருந்தால் பழி யாருக்கு என்கிற இடத்தில் மட்டும் 'நான்' என்று வாசியுங்கள். இதை வியாழக்கிழமை அந்த அம்மாவிடம் சொல்லப்போகிறேன். வெறும் வாயால் சொன்னால், "சின்னப் பொண்ணு, டிரைவருக்குப் பரிதாபப்படறா" என்பீர்கள். சங்கிலியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் டிரெய்லரின் நம்பர் அடித்திருக்கிறது, கேட்டின் நம்பர் இல்லை.

மறு பின்குறிப்பு: முதல் மூன்று தாளையும் தடுப்புக்குக் கீழே தள்ளிவிட்டேன். இது நான்காவது. நீங்கள் படித்து முடித்தது தெரிகிறது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறீர்கள், சுத்தமாகத்தான் இருக்கிறது அது. பொறுமை வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார், நீங்கள் உள்ளே வர விடவில்லை என்பதால். சங்கிலியில் தொங்கும் புதுப் பூட்டின் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

சாவியைக் கொடுங்கள், சித்தப்பா.