பூஜையில் இருந்த ஸ்பானர்

அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். வண்டியின் சேஸிஸில் ஒரு குறுக்குச் சட்டம் பூட்ட வேண்டும்.

வண்டி என்றால் பந்தய வண்டி. மாதுங்காவில் எங்கள் கட்டடத்துப் பின்முற்றத்தில் நானே கட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பந்தய வண்டி எதற்கு? இதை நானும் தினமும் என்னைக் கேட்டுக்கொள்வேன். பதில் வருவதற்குள் கை ஒரு போல்ட்டை முடுக்கிவிடும்.

சக்கரம்கூட இன்னும் மாட்டவில்லை. வெறும் அடிச்சட்டம்தான். முந்தின வாரம் செம்பூரிலிருந்து வந்த என் மைத்துனன் சேது, அதன் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினான். அந்த மூலை மட்டும் எழுந்தது. மற்ற மூன்றும் தரையிலேயே கிடந்தன.

"அத்திம்பேர், இது சேஸிஸ் இல்லே, கோரைப்பாய். சுருட்டி வெச்சுடலாம்."

என் மனைவி விசாலம் அதைப் பிடித்துக்கொண்டாள். "விஜயதசமி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ளே உருப்படலேன்னா பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுடுவேன்."

அதனால்தான் சரஸ்வதி பூஜையன்று காலையில் அவசரமாக உட்கார்ந்தேன். சேஸிஸுக்குள்ளேயே உட்கார்ந்தேன். ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. முன்னால், தொடைக்கு மேலே, இன்னொன்று பூட்டினால் முறுக்கிக்கொள்ளாது என்பது என் யோசனை. அளவு பிசகக் கூடாதே என்று, காலை நீட்டி உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் போல்ட்டை இறுக்கினேன்.

விசாலம் வந்தாள். "ஏன்னா, ஆயுதமெல்லாம் குடுங்கோ. பூஜைல வெக்கணும்."

ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். வேலைதான் முடிந்துவிட்டதே.

உள்ளே மணி அடித்தது. கற்பூரம் ஒற்றிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். எழ முடியவில்லை. வயிற்றை ஒட்டி ஒரு இரும்பு, முதுகை ஒட்டி ஒரு இரும்பு, அடியில் தகரம்.

"விசாலம், அந்த ஸ்பானரைக் கொஞ்சம் கொடேன்."

"நன்னாருக்கே. சந்தனம் குங்குமம் இட்டாச்சு. நாளைக்குப் புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

"அதுவரைக்கும் நான்?"

என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "சுண்டலை இங்கேயே கொண்டு வரேன்."

விசாலம் மாடி வீட்டில் கேட்டாள். அவர்கள் ஸ்பானரும் பூஜையில். எதிர்த்தெரு மராட்டிக்காரர் காரேஜில் கேட்டாள். அவர்களுக்கும் அன்று ஆயுதபூஜைதான். ஸ்பானருக்கு சாமந்தி மாலையே போட்டிருந்தார்கள்.

பூஜைக்கு வந்த சேது வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அத்திம்பேர், எந்த ஊருக்குக் கிளம்பிட்டேள்?"

"பேசாம என்னை வெளியிலே எடு."

சாய்த்துப் பார்க்கலாம் என்று ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினான். அந்தப் பக்கம் முழுவதும் நேராக எழுந்தது. என்னோடு சேர்த்து.

"அக்கா, இங்கே வா. துளி முறுக்கலே."

இருவரும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே என் கையிலிருந்த சுண்டல் சிந்தியது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. வாழ்க்கையில் நான் உறுதியாகச் செய்த காரியம் இது ஒன்றுதானோ என்றுகூடத் தோன்றியது.

"தாராவியிலே ஞானமுத்துன்னு ஒரு மெக்கானிக் இருக்கார். கிறிஸ்தவர். அவர் ஸ்பானருக்கு இன்னிக்கு லீவு இருக்காது" என்று சேது சைக்கிளில் போனான்.

ஞானமுத்து வந்து, இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார். திருநெல்வேலிக்காரர்.

"ஐயா, வண்டியத்தான செய்தீய? கூண்டு மாதிரில்லா இருக்கு."

போல்ட்டைக் கழற்றினார். சட்டம் வந்தது. நானும் வந்தேன். கால் மரத்துப்போய் நொண்டினேன்.

சேது சும்மா இருக்காமல் மறுபடி மூலையைத் தூக்கினான். அந்த மூலை மட்டும் எழுந்தது.

விசாலம் என்னைப் பார்த்தாள். "நாளைக்கு விஜயதசமி."

"ஞானமுத்து, அந்தச் சட்டத்தைத் திரும்பப் பூட்டிடுங்கோ" என்றேன்.

"நீங்க உள்ள ஏறிக்கிடுதீயளா?"

"வேண்டாம். வெளியிலேயே இருக்கேன்."

பூட்டினார். சேது தூக்கினான். பக்கம் முழுவதும் எழுந்தது. விசாலமும் பேச்சு மாறவில்லை. பழைய இரும்புக்காரனைக் கூப்பிடவில்லை.

வண்டி இன்றைக்கும் உறுதியாகத்தான் இருக்கிறது. ஓட்டுகிறவன் உட்காரத்தான் வழியில்லை.