பிளக்குக்குச் சந்தனக் காப்பு

ஒரே சாயங்காலத்தில் மூன்று டாக்சிகளைக் கெடுத்து, மறுநாள் காலையில் அந்த மூன்றிலும் கோளாறு என்னவென்று கண்டுபிடித்த ஆள் பெங்களூரிலேயே நான் ஒருவன்தான். முதல் பாதியை என் மனைவி சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டாம் பாதியை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. (தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் எனக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை.)

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அல்சூரில் என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, ஒரு தகரக் கொட்டகையில் நான்கு டாக்சிகள் வைத்திருந்தார். மூன்று நன்றாக ஓடும். நாலாவது ஒரு கிழட்டு வண்டி. அதன் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்போம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலை கிடைக்காமல் அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, தபால் மூலம் மின்சாரப் பாடம் படித்து, ஒரு சர்டிபிகேட் வாங்கியிருந்தேன். அதைக் கண்ணாடி போட்டுக் கொட்டகைச் சுவரில் நானே ஆணியடித்து மாட்டினேன். அதற்குக் கீழே நின்றுதான் எல்லோரிடமும் பேசுவேன்.

கொட்டகையின் மெக்கானிக் தஸ்தகீர் பாய். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், அவ்வளவுதான். சர்டிபிகேட் கிடையாது. ஆனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே சீக்கு சொல்லிவிடுவார். கொட்டகைச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். அந்தச் சாவியின் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காக்ஸ் டவுனில் ஒரு கல்யாணம். தேவசகாயம் வாத்தியார் தம் பெண்ணின் கல்யாணத்துக்கு எங்கள் மூன்று வண்டிகளையும் பேசியிருந்தார். எட்டரைக்கு வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும், ஒன்பதுக்கு சர்ச்சில் பெண் இறங்க வேண்டும். தஸ்தகீர் பாய் பூஜையன்று மத்தியானமே மூன்றையும் சரிபார்த்து, ஓட்டியும் பார்த்து, நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் பூஜை. மாமா பானெட்டில் பொட்டு வைத்தார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்கு அது போதவில்லை. மேலே தகரத்துக்கு மரியாதை, உள்ளே உழைக்கிறவனுக்கு ஒன்றுமில்லையா? பானெட்டைத் திறந்தேன். இன்ஜினுக்குள் தீப்பொறி கொடுக்கிற பிளக்குகள் நாலும் வெள்ளைப் பீங்கான் உடம்போடு வரிசையாக நின்றன. பன்னீரில் குழைத்த சந்தனத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தலையிலிருந்து கால்வரை சந்தனக் காப்பு சாத்தி, அதன்மேல் ஈர விபூதியும் குங்குமமும் வைத்தேன். மூன்று வண்டி முடிவதற்குள் கிண்ணம் காலி. கிழட்டு வண்டிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"பாத்தியா, என் மச்சானுக்கு எவ்ளோ பக்தி" என்றார் மாமா. நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.)

விடிய விடியத் தூறல். காலை ஆறு மணிக்கு மாமா மறுபூஜை முடித்து, டிரைவர்களிடம் "பழத்து மேல ஏத்துங்கப்பா" என்றார். முதல் வண்டி கிளம்பவில்லை. இரண்டாவதும் கிளம்பவில்லை. மூன்றாவது ஒரு தரம் இருமிவிட்டு அடங்கியது. கிழட்டு வண்டி மட்டும் முதல் சுற்றிலேயே கிளம்பி, கயிறு கட்டிய கதவு தடதடக்க உறுமிக்கொண்டு நின்றது.

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. பழம் நசுங்காவிட்டால் வருஷம் முழுக்க விளங்காது என்பது அவர் நம்பிக்கை. தஸ்தகீர் பாய் வந்து பானெட்டைத் திறந்தார். உள்ளே பார்த்தவர் மாமா பக்கம் திரும்பினார்.

"முதலாளி, பிளக்கத் தொடச்சுப் பாக்கட்டுமா?"

"பழம் நசுங்குறதுக்கு முன்னாடி பொட்டக் கலைப்பியா? வேற எங்கனா பாரு."

பொட்டைக் கலைக்காமல் பழம் நசுங்காது, பழம் நசுங்காமல் பொட்டைக் கலைக்கக் கூடாது. இந்த முடிச்சு எங்களில் ஒருவருக்குத்தான் புரிந்திருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. குனிந்து பெட்ரோல் குழாயைப் பார்த்தார், பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயிலைப் பார்த்தார், மறுபடியும் பெட்ரோல் குழாயைப் பார்த்தார்.

ஏழரைக்கு தேவசகாயம் வாத்தியாரே சைக்கிளில் வந்துவிட்டார். கோட்டு போட்டிருந்தார், காலில் இன்னும் வீட்டுச் செருப்பு. "முதலியாரே, பொண்ணு ரெடி. வண்டி வந்துடும் இல்ல?" என்றார் மாமாவிடம். அவரைப் பார்த்ததும் மாமாவுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. தஸ்தகீர் பாய் பக்கம் திரும்பினார்.

"நேத்து என்னத்தப் பாத்து கிழிச்ச? எட்டு மணிக்குள்ள வண்டி கிளம்பலன்னா, நாளையிலேர்ந்து நீ வர வேணாம். சுந்தரம், நீ பாருடா. சர்டிபிகேட் வாங்கினியே."

நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன். பிளக்கிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜினுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, "சுத்துங்க மாமா" என்றேன். வயரைக் கட்டையால் பிடிக்க வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. நான் கையால் பிடித்தேன். மாமா வண்டியின் மூக்கில் செருகியிருந்த இரும்புக் கைப்பிடியைச் சுழற்றினார். அடுத்த நொடி நான் மட்கார்டைத் தாண்டி உட்கார்ந்திருந்தேன்.

"இவனுக்கு சாமி வந்துடுச்சா?" என்றாள் அக்கா, வாசலில் நின்றபடி.

ஆனால் விழுகிற நேரத்திலும் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். வயர் முனையிலிருந்து நல்ல கொழுத்த நீலப் பொறி பாய்ந்தது. (மெச்ச வேண்டிய இடம் இது, தயவுசெய்து மெச்சுங்கள்.) காயில் சரி, வயரும் சரி. கரண்ட் வயர் முனைவரைக்கும் ஒழுங்காக வருகிறது, பிளக்கில் மாட்டினால் மட்டும் உள்ளே போகவில்லை. அப்படியானால் நடுவில் எங்கேயோ ஒழுகுகிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் என்பது என்னைப் போலத்தான். சுலபமான வழி ஒன்று கிடைத்தால் வேலைக்குப் போகாது.

ஒழுகலைப் பார்க்க இருட்டு வேண்டும். கழற்றிய வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, அக்காவிடம் கம்பளி வாங்கி, போட்டோ பிடிக்கிறவர் மாதிரி தலையோடு இன்ஜினையும் மூடிக்கொண்டு, மறுபடி சுற்றச் சொன்னேன்.

அங்கே பார்த்த காட்சியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். நாலு பிளக்கும் நீலமாக ஜொலித்தன. சந்தனத்தின் மேல் மின்னல் மின்னலாக ஓடி, விபூதி வழியாக இறங்கி, இரும்பில் மறைந்தது. முருகன்தான் காட்சி கொடுக்கிறான் என்று நினைத்து ஒரு கணம் கும்பிடக்கூடப் போனேன். அப்புறம்தான் அந்த வெளிச்சத்தில், சந்தனத்தில் பதிந்திருந்த கட்டைவிரல் ரேகையைப் பார்த்தேன். என் கட்டைவிரல்.

கம்பளிக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. யாருக்கும் தெரியாமல், உள்ளேயே வேட்டி நுனியால் நாலு பிளக்கையும் பளபளவென்று துடைத்தேன். அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி. மூன்றும் உறுமிக்கொண்டு கிளம்பின. பழங்கள் நசுங்கின. வாத்தியார் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிச் சைக்கிளில் ஏற, டிரைவர்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டு காக்ஸ் டவுனுக்குப் பறந்தார்கள்.

"என்னடா கோளாறு?" என்றார் மாமா.

"தூறல் மாமா. பிளக்கு மேல ஈரம்."

மாமா என் முதுகில் தட்டினார். தஸ்தகீர் பாயிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கி என் கையில் வைத்தார். "இனிமே ஷெட்டு உன்னுது. தஸ்தகீரு வேணாம்."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சர்டிபிகேட்டுக்குக் கீழே போய் நின்றேன். தஸ்தகீர் பாய் தம் சொந்த ஸ்பேனர்களைப் பொறுக்கி ஒரு துணியில் கட்டிக்கொண்டிருந்தார். என் வேட்டி நுனியைப் பார்த்தார். மஞ்சளும் வெள்ளையும் சிவப்புமாக இருந்தது.

"தொடச்சிட்டியா?" என்றார் மெதுவாக.

"உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"பானெட்டத் திறந்ததுமே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் எப்படிப்பா சொல்றது? உங்க சாமி சந்தனத்தாலதான் வண்டி நின்னுச்சுன்னு நானா சொல்லணும்? தொடைக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்னாரு. அவ்ளோதான்."

துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வீட்டில் மூன்று குழந்தைகள் அவருக்கு. என் கையில் சாவி கனத்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கேட்டை அவர் தாண்டுவதற்குள் நான் மாமா முன்னால் போய் நின்று வேட்டி நுனியைத் தூக்கிக் காட்டினேன்.

"மாமா, தூறல் இல்ல. கெடுத்தது நான்தான். பாய் மேல ஒரு தப்பும் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். மாமா வேட்டி நுனியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்தனத்தாலயா வண்டி நின்னுச்சு? சாமி பேர்ல பழி போடாதடா" என்றார்.

"சாமி பேர்ல எங்கங்க போட்டான், தன் பேர்லதான் போட்டுக்கிறான்" என்றாள் அக்கா.

மாமா என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். வேகமாக வாசலுக்குப் போய், "தஸ்தகீரு, எங்க போற? கிழட்டு வண்டிக்குக் கதவு மாட்டணும், வா" என்றார். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு. பாய் திரும்பி வந்து, சாவியை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டார். என் பக்கம் பார்த்து, "வயர இன்னொரு தடவ கையால பிடிச்சன்னா நானே சுத்துவேன்" என்றார். நான் கொட்டகைச் சாவியை வைத்திருந்தது மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும்.

அன்றிலிருந்து கரண்ட் கோளாறு என்றால் பாய் என்னைத்தான் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, முதலில் என் இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொல்வார். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. மிக்ஸி நின்றாலும், டிவி மங்கினாலும் கோளாறைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைத்தான் பார்க்கிறார்கள்.

போன வாரம் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. என் பேத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தாத்தா, டிரான்ஸ்பார்மருக்குச் சந்தனம் வெச்சீங்களா?" என்றாள்.

"வெச்சது யாரா வேணா இருக்கட்டும். கண்டுபிடிக்கிறதுக்கு ஆள் இருக்கு" என்று சொல்லி, கம்பளியைத் தேட எழுந்தேன்.