புகைப்புரையில் ஒரு துப்பாக்கி

துப்பாக்கி வீட்டார் என்றொரு இனம் உண்டு. குமரி மாவட்டத்தில், குறிப்பாக அருமனையிலிருந்து களியக்காவிளை வரை, ரப்பர் நன்றாக விளையும் இடங்களில் இந்த இனமும் நன்றாக விளையும். அடையாளம் காண்பது சுலபம். முன்னறையில் இயேசுவின் படத்துக்கு அடுத்தபடியாக, சில வீடுகளில் அவருக்கும் சற்று மேலே, பட்டாள உடுப்பில் ஒரு தாத்தா விறைப்பாக நிற்பார். அந்தப் படத்தை நீங்கள் பார்க்காவிட்டால் வீட்டுக்காரர் இருமுவார். பார்த்துவிட்டாலோ தீர்ந்தது. கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாருட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியளா? தாத்தா பர்மாவுல இருந்து கொண்டு வந்த துப்பாக்கி ஒண்ணு நம்ம வீட்டுல கெடக்கு" என்பார்.

யாரிடமும் சொல்லக்கூடாத இந்தச் செய்தியை எங்கள் ஊரில் அறியாதவர் எவருமில்லை. சபைப் போதகருக்குத் தெரியும், ரப்பர் பால் வெட்ட வருகிறவருக்குத் தெரியும், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவருக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? நான்தான் சொன்னேன். மேற்படி இனத்தின் மூன்றாம் தலைமுறை நான்.

என் தாத்தா ஏசுஅடிமை பர்மாப் போரில் பட்டாள லாரி ஓட்டியவர். யாரோ ஜப்பான்காரன் போட்டுவிட்டு ஓடிய கைத்துப்பாக்கியைச் சேற்றிலிருந்து எடுத்ததாக அவர் சொன்னார். அப்பா சொல்லும்போது அது ஒரு சிப்பாயிடமிருந்து பிடுங்கியதானது. என் வாய்க்கு வந்த பிறகு அந்தச் சிப்பாய் பதவி உயர்ந்து உயர்ந்து, போன கிறிஸ்துமஸுக்கு மேஜராகிவிட்டான். சேற்றில் கட்டிப் புரண்டு ஒரு மல்யுத்தமும் நடந்தது. லைசென்ஸா? மேஜரையே மண்ணைக் கவ்வ வைத்தவர் லைசென்ஸுக்கு மனுப் போடுவாரா?

இதில் ஒரு சின்னச் சங்கடம். அந்தத் துப்பாக்கியை நான் பார்த்ததே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே, துருப்பிடிக்காமலிருக்க அப்பா அதை ரப்பர் பாலில் முக்கி, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரப்பர் ஷீட்டுகள் புகையில் காயும் புகைப்புரையில் அவற்றோடு தொங்கவிட்டார். ரப்பர்க்காரன் மூளை வேறெப்படி வேலை செய்யும்? அன்றிலிருந்து அது கருப்பட்டி நிறத்தில் ஒரு கட்டி. நான் அடித்த பெருமையெல்லாம் அந்தக் கட்டியை நம்பித்தான்.

இப்படியிருக்கையில் என் மகள் பிளஸ்ஸிக்கு சவுதியில் நர்ஸ் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வீட்டுக்கே வரும் என்றதும் என் மனைவி பூங்கனி என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இஞ்ச பாருங்க. போலீசுகாரரு வந்தா சாயா குடுக்கணும், வாயப் பொத்திட்டு இருக்கணும். துப்பாக்கியெண்ணு ஒரு வார்த்த வந்துதுண்ணா நீங்க ஜெயிலுக்குப் போவிய, பிள்ளைக்க பாஸ்போர்ட்டும் போவும்."

"எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். என் நாக்குக்குத் தெரிய வேண்டுமே!

ஏட்டு செல்வதாஸ் வந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். சாயாவை வாங்கினார். படத்தைப் பார்த்தார்.

"பட்டாளமா?"

"ஆமா."

இவ்வளவு சிறிய பதிலை என் ஆயுளில் நான் சொன்னதில்லை. நாக்கு நுனியில் மேஜர் புரண்டுகொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது ஏட்டு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"யாருட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியளா? எங்க தாத்தாவும் பர்மாவுலதான். அவரு கொண்டு வந்த துப்பாக்கி ஒண்ணு நம்ம வீட்டுல கெடக்கு. ஒரு கர்னலுட்ட இருந்து பிடுங்குனது."

கர்னல்! என் மேஜருக்கு மேலே. ஒரு பக்கம் பெற்ற மகளின் எதிர்காலம், மறுபக்கம் எவனோ ஒரு கர்னல். பொறுப்புள்ள தகப்பன் என்ன செய்வான்?

"எங்க வீட்டுல உள்ளது ஜெனரலுக்க துப்பாக்கி, சாரே" என்றேன்.

அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. ஏட்டின் முகத்தில் போலீஸ்காரர் திரும்பி வந்துவிட்டார்.

"எடுத்துட்டு வாரும் ஓய், பாக்கட்டு."

பிளஸ்ஸிதான் புகைப்புரைக்குப் போய்க் கட்டியையும், பால் வெட்டும் கத்தியையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"அப்பா சொல்லுவாவளே தவிர, இதுக்குள்ள யாரும் பாத்தது கெடையாது சார்" என்று சொல்லி, அவளே கீறினாள். தோல் விலகியது. உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி சிவந்த தூளும், இற்றுப்போன மரச்சில்லு இரண்டும் மேசையில் கொட்டின. அப்பா ஊற்றிய ஆசிட் ஜெனரலை மிச்சம் வைக்காமல் தின்றிருந்தது. ஜெயில் இல்லை, பாஸ்போர்ட் தப்பியது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

ஏட்டு சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தூளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரப்பர் பாலுல முக்குனா துருவே பிடிக்காதுண்ணுல்லா அப்பா சொன்னாரு" என்றார் மெதுவாக.

"யாருக்க அப்பா சார்?" என்றாள் பிளஸ்ஸி.

"எனக்க அப்பா."

பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்தவர், ஸ்டேஷன் இருக்கும் திசையை விட்டுவிட்டுத் தன் வீடு இருக்கும் திசையில் வண்டியைத் திருப்பினார்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்காதுதான். ஆனால் மகாராஜா முன்னோருக்குக் கொடுத்த வாளோ, வெள்ளைக்காரத் துரை பாராட்டிக் கொடுத்த கடிகாரமோ, நீங்களும் திறந்து பார்க்காமல் விருந்தாளிகளிடம் மட்டும் அளந்துவிடுகிற ஒரு பொட்டலம் இல்லாமலா இருக்கும்? தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள். எங்கள் தூளை ஓர் ஊறுகாய் பாட்டிலில் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். ஜப்பான் ராஜாவுக்கே சொந்தமானது. யாரிடமும் சொல்லக்கூடாது.