செங்கமலம் படக்காப்புச் சட்டம்

அருகே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. என் குரல் முன்போல எட்டாது. ஒரு நாட்டின் கதை சொல்கிறேன். எந்த நாடு என்று கேட்கக்கூடாது. முடிவில் உங்களுக்கே தெரிந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

மகுடபுரி என்றொரு நாடு. அங்கே ஓடைத்தெருவில் செங்கமலம் என்பவள் புகைப்படக் கடை வைத்திருந்தாள். தெருக்குழாயில் காற்றுதான் வரும். வாரம் இருமுறை வரும் தண்ணீர் லாரியால் தெரு பிழைத்துக் கிடந்தது. ஒருநாள் லாரியில் பிடித்த குடத்தைக் குழாயடியில் இறக்கி வைத்துவிட்டு, அவள் நாத்தனார் கோசலை பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். செங்கமலம் அதைப் படம் பிடித்துக் கடை வாசலில் மாட்டினாள்.

பத்தாம் நாள் அதே படம் அரண்மனை வாசலில் நாற்பதடி பேனராக நின்றது. மூலையில் மன்னர் முகம். கீழே, ‘ஓடைத்தெருவில் வற்றாத மன்னர் நீர்!’ அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் பார்த்ததும் செங்கமலத்துக்கு முதலில் வந்தது பெருமைதான். மறுநாள் லாரி வரவில்லை.

“உங்க தெருவுலதான் குழாய்ல கொட்டுதாமே, பேனர்ல பார்த்தேனே!” என்றார் லாரிக்காரர்.

“அண்ணி, என் மூஞ்சியை வச்சு ஊருக்கே தண்ணி காட்டிட்டீங்க” என்றாள் கோசலை.

பேனர் இறங்கினால்தான் லாரி வரும். செங்கமலம் படத்துறை மந்திரி அகண்டமூர்த்தியிடம் மனு கொடுத்தாள். மந்திரி எழுந்தே நின்றுவிட்டார்.

“திருட்டா? நமது ஆட்சியிலா? இன்றே சட்டம் பிறக்கும். உரிமையாளர் அனுமதியின்றி எந்தப் படத்தையும் எவரும் தொடக்கூடாது. சட்டத்துக்குத் தங்கள் பெயரே சூட்டப்படும்!”

செங்கமலம் கைதட்டினாள். தெருவே கைதட்டியது. மாலையில் பேனரைச் சுற்றி எட்டுக் காவலர்கள் நின்றார்கள், அவள் பெயரிலான சட்டத்தின்படி.

செங்கமலம் மறுபடி மந்திரியின் சபைக்கு ஓடினாள். “நான்தாங்க உரிமையாளர். இறக்கிடுங்க” என்றாள்.

“படத்தில் இருப்பவரே உரிமையாளர் என்பது இரண்டாம் விதி. தாங்கள் படத்தில் எங்கே இருக்கிறீர்கள்?” என்றார் மந்திரி.

“எடுத்தவ எப்படிங்க படத்துல இருப்பா?”

“மன்னர் இருக்கிறாரே!”

அதற்கும் இரண்டு பேர் கைதட்டினார்கள். பழக்கதோஷம். இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. கோசலை நான்கு கல் தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்து தோல் உரிந்த தோளோடு அதே சபையில் வந்து நின்றாள். செங்கமலம் அவளை முன்னே தள்ளினாள்.

“இவ இருக்கா படத்துல. இவ சொன்னா இறக்குவீங்களா?”

“இறக்குவோம். ஆனால் படத்தில் இருப்பவர் சிரிக்கிறார். இவர் முகம் சுண்டிக் கிடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒருமுறை சிரிக்கச் சொல்லுங்கள்.”

“சிரிடி, தாயே!” என்று கெஞ்சினாள் செங்கமலம்.

“நாக்கு வறண்டு கிடக்கு, சிரிப்பு எங்கேருந்து வரும் அண்ணி?”

மந்திரி பொறுமையாக ஓலையை விரித்தார். “மூன்றாம் விதி. மக்கள் சிரிப்பு களவு போகாதிருக்க, சிரிப்புகளை எல்லாம் அரசே கஜானாவில் பூட்டி வைக்கும். வேண்டுவோர் விண்ணப்பித்துப் பெறலாம்.”

கோசலை அவர் முகத்தைப் பார்த்தாள், ஓலையைப் பார்த்தாள், கைதட்டத் தூக்கிய தன் அண்ணியின் கையையும் பார்த்தாள். பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

“ஒத்துப்போகிறது!” என்று கூவினார் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த சபை எழுத்தர். “படம் இவருடையதே.”

“அப்ப இறக்குங்க!” செங்கமலம் துள்ளினாள்.

“இறக்கிவிடுவோம்” என்றார் மந்திரி. “இனிப் பேனர் எதற்கு? ஓடைத்தெருப் பெண் சபை நடுவே இத்தனை மகிழ்ச்சியாகச் சிரித்ததை நேரில் கண்டோம். அத்தெருவில் நீர் வற்றவில்லை என்பது சாட்சியோடு நிறுவப்பட்டது. எழுத்தரே, அந்த லாரியை நிரந்தரமாக ரத்து செய்யும்.”

அடுத்த மாதம் தேர்தல். ஓடைத்தெரு யாருக்குப் போட்டது என்றா கேட்கிறீர்கள்? வாக்களித்தவருக்கெல்லாம் மன்னர் ஆட்கள் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். வரிசையில் முதல் ஆள் செங்கமலம். இரண்டாவது கோசலை. நான் அங்கே இருந்திருந்தால் மூன்றாவது ஆள் நான்தான்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிறைந்து வரட்டும். உங்கள் வீட்டார் முகத்துச் சிரிப்பு உங்கள் வீட்டுச் சுவரிலேயே நூறாண்டு இருக்கட்டும்.