வடிகட்டியில் போன பேருந்து நேரம்

ஆராவ்
2.9.1998

அன்புள்ள தம்பி தவச்செல்வன் அறிவது,

மாதாவின் தயவால் நானும் றோசலினும் சுகம். பேர்ணில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஈமெயில் இருக்க இந்த மனுசன் ஏன் முத்திரை ஒட்டுகிறார் என்று யோசிப்பீர். எங்கள் ஊரவர் ஈமெயில் குழுவை நடத்துகிறவர் நீர். ஆனபடியால் நடந்ததை உமக்கு முழுதாகச் சொல்லியே தீருவேன்.

தை மாதம், ஒன்றுகூடலுக்கு ஆளுக்கொரு பழம் கொண்டு வாருங்கள் என்று குழுவில் எழுதினேன். தமிழை இங்கிலீசு எழுத்தில் அடிக்கிறபடியால் அதைப் பாலம் என்றும் வாசிக்கலாம் போல. எந்த ஆற்றுக்குப் பாலம் என்று யோகராஜா கேட்டான். நாற்பது பேர் சிரித்தார்கள். அவன் லுசேர்ண் ஹோட்டல் குசினியில் என் பக்கத்தில் நின்று கோப்பை கழுவுகிறவன். அன்றே அவன் பெயரை என் கணினியின் வடிகட்டியில் போட்டேன். அதில் போட்டால் அந்த ஆள் எழுதுவது எதுவும் கண்ணில் படாமல் நேரே குப்பைக்கூடைக்குப் போய்விடும். வலு நிம்மதி. ஆனால் மற்றவர்கள் அவனுக்கு எழுதும் பதில்கள் மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தன. ஆவணியில் குழுவில் உள்ள சிவநேசன் தனக்கும் ஏழு மணி வசதி என்று எழுதினார். எதற்கு ஏழு மணி என்று விளங்காமல், நான் ஏழு மணிக்கு முகச்சவரம் செய்வேன் என்று பதில் போட்டேன். குசினியில் யோகராஜா, "குழுவில போட்டதைப் பாத்தனீங்கள்தானே, அண்ணை?" என்று கேட்பான். இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டி வரும். "ஓம், பாத்தனான்" என்பேன்.

குழுவாகப் பேருந்தில் போகும் மரியஸ்டைன் மாதா கோவில் யாத்திரைக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. நாற்பது சோற்றுப் பார்சலோடு, முதலில் சொன்ன நேரப்படி எட்டரைக்கு ஆராவ் ஸ்டேசன் பின்பக்கம் போய் நின்றோம். மத்தியானம் வரை காத்து நின்ற பிறகுதான், பேருந்து எங்களைக் காணாமல் ஏழு மணிக்கே போய்விட்டது என்று விளங்கியது. நேரம் மாறியதை யோகராஜாதான் அறிவித்திருந்தான். சனம் பசியோடு இருக்கும், கொண்டுபோயே தீரவேண்டும் என்று றோசலின் சொல்லிவிட்டாள். பாசலுக்கு ரயில், அங்கிருந்து ட்ராம். பார்சல் ஒன்று அவிழ்ந்து அதைக் கட்டுகிற அவசரத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, எல்லை தாண்டக்கூடாத விசாவோடு பிரான்சுக்குள் ஒரு தரிப்பிடம் போய்த் திரும்பினோம். மரியஸ்டைனில் கால் வைத்தபோது பிற்பகல் நாலு மணி. எங்கள் ஆட்கள் பசியோடு திரும்பிப் போய்விட்டார்கள். றோசலின் முழந்தாளிட்டுச் செபித்தாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை குசினியில் யோகராஜா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நாலு தரம் எழுதினனான். நீங்கள் வாசிக்கேல்லையோ?" என்று கேட்டான்.

"பக்கத்திலதானே நிக்கிறாய், வாயால சொல்லியிருக்கலாமே?"

"பாத்தனான் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

வீட்டுக்கு வந்து குப்பைக்கூடையைத் திறந்து அவன் பெயரை மட்டும் தேடினேன். அவனுடைய கடிதங்கள் பதினேழு. முதலாவது, பாலத்தைப் பற்றிக் கேலி செய்ததற்கு மறுநாளே மன்னிப்புக் கேட்டு எழுதியது. ஏழு மாதம் அது அங்கே கிடந்திருக்கிறது. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவன் பெயரை எடுத்துவிட்டு, சனத்தைப் பட்டினி போட்டதற்குக் குழுவில் மூன்று மன்னிப்புக் கடிதம் போட்டேன். யோகராஜா மட்டும் பதில் எழுதினான். மற்றவர்களுக்கு என்ன என்று குழுவில் உள்ள சந்திரகுமாரைக் கடையில் கண்டு கேட்டேன். "உங்கட பேரை எல்லாரும் வடிகட்டியில போட்டிட்டம், அண்ணை. கோவியாதேங்கோ. குழு இப்ப நல்ல அமைதி" என்றான்.

இதை நான் விடப்போவதில்லை. இந்தக் கடிதத்தை அப்படியே அடித்து உமது பெயரில் குழுவில் போடும். உம்மை ஒருவரும் வடிகட்டமாட்டார்கள். நானும் இனி யாரையும் வடிகட்டியில் போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். யார் என்ன எழுதினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிவரை வாசிப்பேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உம் வீட்டில் எல்லாரையும் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
உம் அண்ணன்
அருட்பிரகாசம்

பி.கு.: ஒட்டுமுன் றோசலினுக்கு வாசித்துக் காட்டினேன். வடிகட்டியில் வேறு யாரும் இருக்கிறார்களோ என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தால் உமது பெயர். பங்குனியில் நீர் கிழமைக்கு மூன்று கவிதை அனுப்பத் தொடங்கியபோது போட்டு மறந்துபோனேன். எடுத்துவிடத்தான் போனேன். குப்பைக்கூடையில் எழுபத்திரண்டு கவிதைகள் கிடந்தன. இரண்டை வாசித்தேன். பெயர் அங்கேயே இருக்கட்டும், தம்பி. பதிலைத் தபாலில் போடும்.