வெள்ளைத்துரையின் முழங்காலும் ஜாம்பியாச் சிங்கமும்

கூண்டுக்குள் இல்லாத சிங்கத்தை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்த்துவிடுவது என்று வெள்ளைத்துரை முடிவு செய்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கூட யாரும் வரக்கூடாது என்பதும் அதே முடிவில் அடக்கம். யாரும் என்றால் அன்னக்கொடி, அவர் சம்சாரம்.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் சகலை மொக்கையன். அன்னக்கொடியின் தங்கை ராமுத்தாயைக் கட்டியவர், ஜாம்பியாவில் கணக்கு வாத்தியார். அந்த எண்பத்து நாலாம் வருஷத்தில் ஜாம்பியா என்று ஒரு நாடு இருப்பது போடிநாயக்கனூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைத்துரைக்குத் தெரியும். அவர் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் அப்துல் ஹமீதின் ஜவுளிக்கடைக்கும் தெரியும். கடிதம் வந்ததே அந்தக் கடை விலாசத்துக்குத்தான்.

'ஒரே ஒரு டிக்கெட் என்னால் எடுத்து அனுப்ப முடியும். ஒரு மாதம் தங்கலாம். இங்கே காட்டை நடந்தே பார்க்க வேண்டும். முன்னால் ஒருவன் துப்பாக்கியோடு போவான். ஒரு நாளைக்கு ஐந்து மைல். நடக்க முடியாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள்.'

இங்கேதான் சிக்கல். வெள்ளைத்துரையால் நன்றாகவே நடக்க முடியும். ஆனால் ஊரைப் பொறுத்தவரை முடியாது. போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்கு ஏழு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் காய் எடுப்பு நேரத்தில் அவரை ஒரு அட்டை கடித்தது. அன்றைக்கே வலது முழங்காலில் வலி வந்துவிட்டது. அட்டை கடித்தது இடது காலில். அதிலிருந்து மலையேறுவது, ஆட்களை வேலை வாங்குவது, காயை ஸ்டோரில் சூடு போட்டு உலர்த்துவது எல்லாம் அன்னக்கொடியின் பாடு.

"நொண்டிக்கிட்டே அஞ்சு மைலு எப்படி மாப்ளே நடப்ப?" என்றார் ஹமீது.

"பாலக்காட்டுப் பக்கம் எண்ணெய் வைத்தியத்துக்குப் போறேன்னு அவகிட்டச் சொல்லப்போறேன் பாய். முழங்காலுக்கு. ஒரு மாசம்."

"அடேயப்பா! அந்த முழங்காலுக்கு ஒரு கோயிலே கட்டலாம்யா."

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. ஹமீது கடையில் ஒரு காக்கித் தொப்பியும் தயார். தினமும் காலையில் அன்னக்கொடி மலைக்குக் கிளம்பியதும் இவர் ராசிங்காபுரம் ரோட்டில் நடை பழகினார். அவள் போவது மேலே, இவர் நடப்பது கீழே, எப்படிப் பார்க்க முடியும்? எதிரே தினமும் ஒரு ஜீப்பு பெண்கள் கூட்டத்தோடு ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நல்ல மனநிலையில் இருந்ததால் இவர் கையைக்கூட ஆட்டினார்.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், நொண்டி நொண்டி அடுப்படிக்கு வந்தார்.

"அன்னக்கொடி, முழங்காலு உசுர எடுக்குது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காராம்."

"எம்புட்டு நாளு?"

"ஒரு மாசம்."

"போயிட்டு வாங்க."

இவ்வளவுதானா! வெள்ளைத்துரைக்கு ஏமாற்றமாகிவிட்டது. கைவசம் இன்னும் இரண்டு பொய் வைத்திருந்தார்.

"நானும் அந்த ஒரு மாசம் ஊர்ல இருக்க மாட்டேன்" என்றாள் அன்னக்கொடி.

"நீ எங்க போற?"

"ராமுத்தா வீட்டுக்கு."

"எந்த ராமுத்தா?"

"நமக்கு எத்தனை ராமுத்தா இருக்கா? ஜாம்பியா ராமுத்தாதான்."

வெள்ளைத்துரை அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கால் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"டிக்கெட்டு எடுக்கப் போன புருசன ராமுத்தாதான் தடுத்திருக்கா. 'மச்சானுக்கு முட்டி மடங்காதுன்னு அக்கா நாலு வருசமா எழுதுது. அவரைக் கூட்டியாந்து காட்டுலயா நடக்க விடுறது? தெனமும் மலையேறி இறங்குற அக்காவ வரச் சொல்லுங்க'ன்னுட்டா. நானும் அவ கடுதாசி வந்த அன்னைக்கே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரரு, ஒரே வீட்டுல ரெண்டு பேரு தனித்தனியா எழுதிப் போட்டிருக்கீகளேன்னு சிரிச்சாரு. நீங்க ஹமீது அண்ணன் கடையில இருந்தீங்க."

வெள்ளைத்துரைக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவருடைய சிங்கம், அவருடைய டிக்கெட்!

"ஏம் முழங்காலுக்கு என்னடி கேடு? கல்லு மாதிரி இருக்கு! அஞ்சு மைலு நடப்பேன்!"

"தெரியும். மாயக்கா தெனமும் பாக்குறாள்ல."

"எந்த மாயக்கா?"

"நம்ம தோட்டத்துல காய் எடுக்குற மாயக்காதான். ராசிங்காபுரத்துல இருந்து பொம்பளையாளுகள ஏத்திட்டு வர்றது நம்ம ஜீப்புத்தானே. நாலு வருசமா அந்தப் பக்கம் வந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். 'மொதலாளி மான் மாதிரி நடக்குறாரு, எங்களப் பாத்துக் கைய வேற ஆட்டுறாரு'ங்கிறா."

வெள்ளைத்துரை, ஆட்டிய அந்தக் கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

"நான் வர்ற வரைக்கும் தோட்டம் உங்க சோலி. திங்கக்கிழமை ஆறு மணிக்கு ஜீப்பு வரும், வெரசா எந்திரிங்க. இல்ல, காலு வலிக்குதுன்னா சொல்லுங்க, பாலக்காட்டுக்கே போயிருங்க. ஒரு மாசம் வேப்பெண்ணெயும் உப்பில்லாக் கஞ்சியும்தானாம்."

வெள்ளைத்துரை உப்பில்லாத கஞ்சியை நினைத்துப் பார்த்தார். மலை தேவலை என்று பட்டது.

"அந்தக் காக்கித் தொப்பியக் கொண்டாங்க" என்றாள் அன்னக்கொடி. "அங்க வெயிலு சாஸ்தியாம்."

அன்னக்கொடி கிளம்பிப் போன இருபத்தைந்தாம் நாள். ஏலத்தோட்டத்து ஸ்டோரின் தகரக் கூரைமேல் வெள்ளைத்துரை குந்தியிருந்தார். உள்ளே காய் உலர்த்தும் அடுப்பு எரிந்ததால் தகரம் சுட்டது. இறங்கவும் வழியில்லை. கீழே இரண்டு யானையும் ஒரு குட்டியும் ஏலச்செடியை மிதித்துக்கொண்டு நின்றன. கூரைமேலேயே அவர் பக்கத்தில் மாயக்காளும் பதினான்கு பெண்களும்.

"காலையில ஜீப்புல வரும்போதே ஹமீது பாய் கடையில குடுத்துவிட்டாக, மறந்தே போனேன் மொதலாளி" என்று மாயக்காள் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். அன்னக்கொடியின் கையெழுத்து. வெள்ளைத்துரை ஒரு காலை மாற்றி வைத்துக்கொண்டு பிரித்துப் படித்தார்.

'வந்து பத்து நாளாகிறது. சிங்கம் மூன்று பார்த்துவிட்டேன். யானைதான் இன்னும் கண்ணிலேயே படவில்லை. அதற்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேண்டும்.'